எழுத்துக்கூட்டிப் படிக்கும் 14 வயதுப் பையனுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?

மகன் ஒன்பதாவது படிக்கிறான், தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான், புத்தகம் என்றாலே ஓடுகிறான், என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவன் உண்டு. என் அக்கா மகன், பாம்பனில் இருக்கிறான், அதே வயது. நான் ஆசிரியர் எல்லாம் இல்லை, இவனோடு ஒன்றரை வருடம் மல்லுக்கட்டியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். புத்தகத் திருவிழாவில் பெரிய எழுத்தில் படம் போட்ட முயல் கதை, காக்கா கதை என்று நாலைந்து வாங்கிப்போனேன். இரண்டே நாளில் அத்தனையும் அவன் தங்கச்சி கையில் இருந்தது. லீவு நாளில் அப்பாவோடு வல்லத்தில் போய் வலை இழுக்கிறவன், இன்ஜினில் டீசல் ஃபில்டரைக் கழற்றி மாட்டுகிறவன், அவனிடம் போய் முயலைக் கொடுத்தால் என்ன செய்வான்? எழுத்து சுலபமாக இருக்கவேண்டும், விஷயம் அவன் வயதுக்கு இருக்கவேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த புத்தகம் தமிழில் ரொம்பக் குறைவு, அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது.

வழி எனக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது. ஐப்பசி மாசம், காற்று ஏறியிருந்தது, கடலுக்குப் போக மீன்துறையில் அனுமதி டோக்கன் கொடுப்பார்களா மாட்டார்களா என்று வீடே பேசிக்கொண்டிருந்தது. டீக்கடைப் பேப்பரை எடுத்து அவனே வாசித்தான்: ‘பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’. விரலை வைத்து நிதானமாகத்தான் வாசித்தான், ஆனால் ‘எச்சரிக்கைக் கூண்டு’ தடங்கலே இல்லாமல் வந்தது. முந்தின நாள் பாடப்புத்தகத்தில் ‘சென்றனர்’ என்ற சொல்லில் மூன்று முறை முட்டிக்கொண்டு நின்றவன் இவன். கூண்டு ஏற்றினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் முதல் எழுத்தைப் பிடித்ததுமே மிச்சம் தானாக வந்துவிடுகிறது. ‘சென்றனர்’ என்று எங்கள் ஊரில் யார் பேசுகிறார்கள்? போனாங்க என்றுதானே சொல்கிறோம். நம் பிள்ளைகளுக்குப் புத்தகத் தமிழே பாதி அந்நிய பாஷை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயமாகத் தேடினேன். மீன் படங்களோடு பெயர் போட்ட கையேடு ஒன்று கிடைத்தது. அதில் நாலைந்து பெயர் எங்கள் பக்கம் சொல்லும் பெயர் இல்லை, பென்சிலால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதி வைத்தான். எழுத்துப்பிழையோடுதான், நான் திருத்தவில்லை. புத்தகத்தைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று அவனுக்குத் தோன்றிய நாள் அது.

காமிக்ஸை மட்டும் தயவுசெய்து கேவலமாகப் பார்க்காதீர்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-லிருந்தும் லயன் காமிக்ஸ் 1984-லிருந்தும் வருகின்றன. ஒரு படக் கட்டத்துக்கு இரண்டு மூன்று வரிதான், மிச்சத்தைப் படம் சொல்லிவிடுகிறது, முழுப்பக்க எழுத்தைப் பார்த்தால் வரும் பயம் இதில் இல்லை. அதில் வரும் டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் கதையில் ஒரே துப்பாக்கிச் சண்டை என்று அக்கா முனகினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பரிசு என்றால் அப்துல் கலாமின் அக்னிச் சிறகுகள்தான், இவனிடமே ஒன்று பிரிக்காமல் கிடந்தது. முழுவதும் படி என்று கொடுத்தால் ராக்கெட், ஏவுகணை வரும்போது மூடிவிடுவான். முதல் அத்தியாயம் மட்டும் போதும். கலாமின் அப்பா தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப்போகப் படகு கட்டியது, புயல் அதைக் கொண்டுபோனது, ரயிலிலிருந்து வீசும் பேப்பர் கட்டைச் சிறுவன் கலாம் பிடித்தது எல்லாம் அங்கேயே வந்துவிடும்.

ஹெமிங்வேயின் கடலும் கிழவனும் நாவலை நான்தான் வாசித்துக் காட்டினேன், மீன்பிடித் தடைக்காலத்தில், ராத்திரிக்கு ஏழெட்டுப் பக்கம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், ஊரே சும்மா இருக்கும், அப்போது கேட்க ஆள் கிடைக்கும். கிழவனுக்கு 84 நாள் மீனே படவில்லை என்றதும் “டீசல் கடன் எவ்வளவு ஆயிருக்கும் மாமா?” என்றான். பாய்மரம்டா என்றேன். சுறா வந்து மீனைத் தின்கிற இடத்தில் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அவனே தடுமாறித் தடுமாறி ஒரு பக்கம் வாசித்தான். அவன் அப்பா பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். வரி தாண்டிப் போகிறான், எழுத்தை மாற்றி மாற்றி வாசிக்கிறான் என்றால் கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், போய்க் கேளுங்கள். குறைபாடு என்று சான்று கிடைத்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம் எல்லாம் உண்டு. எங்களுக்கு இது தெரியவே ஒரு வருடம் ஆனது.

இப்போதும் இவன் பாடப்புத்தகத்தைத் தொடுவதில்லை, சமூக அறிவியலில் 31-தான். உங்கள் பையன் சாயங்காலம் எங்கே போகிறான், எதைப் பற்றி நிறுத்தாமல் பேசுகிறான் என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. அதை எழுதுங்கள், தேடிப் பார்க்கலாம்.