கொரியாவின் தென்கிழக்கு மூலை

கேள்வி: தென்கொரியாவில் போஹாங்கில் இரும்பாலை, உல்சானில் காரும் கப்பலும், சாங்வோனில் இயந்திரங்கள் என்று எல்லாம் தென்கிழக்கு மூலையிலேயே குவிந்திருக்கின்றன. தலைநகர் சியோல் இருப்பதோ வடமேற்கில். ஏன் இப்படி?

பதில்: 1960, 70-களில் நாட்டை ஆண்ட ஜனாதிபதி பார்க் சுங் ஹீயின் சொந்த ஊர்ப் பாசம் என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அவர் பிறந்தது அந்தப் பக்கத்துக் குமியில். குமிக்கும் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்பேட்டை கிடைத்தது. பொய்யில்லை. ஆனால் நான் முதலில் கடலைத்தான் பார்ப்பேன்.

அந்த நாட்டில் எண்ணெய் கிடையாது, இரும்புத் தாதும் பேருக்குத்தான். எல்லாம் கப்பலில் வந்து இறங்க வேண்டும். சியோலுக்குப் பக்கத்துத் துறைமுகம் இஞ்சோன். அங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒன்பது மீட்டர் வரை வித்தியாசம், மூன்று மாடி உயரம்! தண்ணீர் வடிந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் சேறுதான். கதவு வைத்துத் தண்ணீரைத் தேக்கி, அதற்குள் கப்பலை நிறுத்துகிறார்கள். போஹாங், உல்சான் பக்கம் கடல் ஓரிரு அடிதான் ஏறி இறங்கும். தாதுக் கப்பல் ஆலை வாசலுக்கே வந்துவிடலாம். எதிர்க்கரையில் ஜப்பான் வேறு. இரு நாடுகளும் உறவைச் சீராக்கிக்கொண்ட 1965 ஒப்பந்தப்படி ஜப்பான் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு போஹாங்குக்குப் போனது. 1973 ஜூனில் அங்கே முதல் இரும்பு உருகி ஓடியது. சியோலையும் தென்கிழக்குத் துறைமுகமான பூசானையும் இணைக்கும் 428 கி.மீ. நெடுஞ்சாலை அதற்கு முன்பே, 1970-இல் திறந்தாயிற்று.

உல்சான் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ யுங், கப்பல் தளம் கட்டக் கடன் தேடி 1971-இல் லண்டன் போனார். கப்பல் கட்டிய அனுபவம் துளியும் இல்லை. சட்டைப்பையிலிருந்து 500 வோன் நோட்டை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த, கொரியர்கள் பழங்காலத்தில் கட்டிய ஆமைக் கப்பல் என்ற போர்க்கப்பலைக் காட்டினாராம்! ஊர் திரும்பி, தளத்தையும் கப்பலையும் ஒரே நேரத்தில் கட்டினார்கள். 1974-இல் இரண்டும் தயார்.

சரி, தென்மேற்கிலுள்ள ஜொல்லா வட்டாரம் ஏன் பின்தங்கியது என்று அடுத்த கடிதம் வரும். கடலைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது. அங்கும் யோசுவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1960-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. பக்கத்துக் குவாங்யாங் விரிகுடாவுக்குப் பெரிய தாதுக் கப்பல்கள் தாராளமாக வந்து போகின்றன. ஆனால் அங்கே இரும்பாலை ஓடத் தொடங்கியது 1987-இல். பார்க் இறந்து எட்டு வருடம் கழித்து.