தற்காலிகக் கட்டடம்: மலிவானதை எடுப்பதா, நல்லதை எடுப்பதா?

கேள்வி: எங்கள் தோட்டத்து முன்பள்ளியின் மேல் மரம் விழுந்து கூரை போய்விட்டது. புதுக் கட்டடம் வர இரண்டு மூன்று வருடம் ஆகுமாம். அதுவரைக்கும் 20 அடிக்கு 30 அடியில் ஒரு தகரக் கட்டடம் போட பெற்றோர் எல்லோரும் காசு சேர்த்திருக்கிறோம். இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவரைவிட மற்றவர் ஒன்றரை மடங்கு கேட்கிறார். "தற்காலிகம்தானே, குறைந்ததையே எடுப்போம்" என்கிறார்கள் பலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. நம் பக்கத்தில் தற்காலிகமாகப் போட்ட எதையும் சொன்ன காலத்தில் கழற்றியதை நான் அதிகம் பார்த்ததில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் வீடிழந்தவர்கள் புதுவீடு போக ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தார்கள். ஆகவே மூன்று வருடம் என்றால் ஐந்து வருடம் என்று எண்ணியே வாங்குங்கள்.

அதற்காக, கூடக் கேட்பவர் நல்ல சாமான் போடுவார் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கூரைத் தகரம் எத்தனை மில்லிமீற்றர், பொக்ஸ் பார் (சட்டத்துக்குப் போடும் உள்ளீடற்ற இரும்புக் குழாய்) எத்தனை மில்லிமீற்றர், கால்களுக்குக் கொங்கிறீட் உண்டா, பீலி உண்டா, லொறிக் கூலி யாருடையது என்று இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். குறைந்த விலைக்காரர் கொங்கிறீட்டையும் லொறியையும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. அவற்றைச் சேர்த்தால் அந்த ஒன்றரை மடங்கு சுருங்கிவிடலாம்.

சாமான் வந்து இறங்கியதும் நிறுத்துப் பாருங்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தராசே போதும். இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குல பொக்ஸ் பார், ஆறு மீற்றர் நீளம், 1.6 மில்லிமீற்றர் கனம் என்றால் பத்தரைக் கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். எட்டுக் கிலோ சொச்சம்தான் காட்டுகிறது என்றால் அது 1.2 மில்லிமீற்றர். பெயின்ட் அடித்து ஏற்றிய பிறகு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வெல்டிங் தொடங்குமுன்பே நிறுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், காசை முதலில் கூரைக்கும் காலுக்கும் போடுங்கள். உங்கள் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை மழை. மெல்லிய தகரத்தின் கீழ் அந்தச் சத்தத்தில் ஆசிரியை பாடம் சொல்ல முடியாது. விடியற்காலைக் குளிரில் தகரத்தின் உட்புறம் வியர்த்து, பிள்ளைகளின் பாயில் சொட்டும். நுரை ஒட்டிய ஃபொயிலைத் தகரத்துக்குக் கீழே விரித்தால் வியர்ப்பு நன்றாகக் குறையும், சத்தமும் ஓரளவு அடங்கும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தகரத்துக்கு ஆணி வேண்டாம், றப்பர் வொஷர் போட்ட ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள்.

கால்களை மண்ணில் புதைத்துவிட்டுப் போனால் இரண்டு மழைக்காலத்தில் அடி துருப்பிடிக்கும், காற்று தூக்கும். கொங்கிறீட் போட்டு, தகடு வைத்து, போல்ட் முறுக்க வேண்டும். சட்டங்களையும் முடிந்தவரை போல்ட்டிலேயே இணைக்கச் சொல்லுங்கள். புதுக் கட்டடம் வந்த பிறகு போல்ட்டைக் கழற்றி வேறு இடத்தில் நிறுத்தலாம், விற்கவும் செய்யலாம். எல்லாவற்றையும் வெல்டிங் பண்ணிவிட்டால் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். கூடக் கொடுத்த காசு திரும்பி வரும் வழி இது.

குறைக்க வேண்டுமானால் சுவரில் குறையுங்கள். கதவு, ஜன்னல் பழையது வாங்கலாம். தரைக்கு டைல்ஸ் தேவையில்லை, சீமெந்துப் பூச்சு போதும்.

ஒன்று மிச்சம். மேட்டை வெட்டி, அந்த மண்ணை முன்னால் கொட்டி, அதன்மேல் கட்டடத்தை நிறுத்த யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கொட்டிய மண் இறங்கும், வெட்டிய மேடு சரியும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இடத்தைக் காட்டி மண்சரிவு பற்றிக் கேளுங்கள், தோட்ட நிர்வாகத்திடம் கடிதமும் வாங்குங்கள். பின்பக்கம் ஒரு கான் வெட்டி, தண்ணீரைத் தூரமாக விடுங்கள். உள்ளே இருக்கப்போவது சின்னப் பிள்ளைகள்.

கேள்வி: மரக்கறிக் கடைக்காகப் பழைய கொள்கலன் ஒன்று பார்த்திருக்கிறேன். 20 அடி. தகரக் கடையைவிட உறுதி என்கிறார்கள். விலை சரிதான், ஆனால் எடுக்கலாமா?
- வியாபாரி, ஹப்புத்தளை

பதில்: பகலில் உள்ளே போய்க் கதவை இறுக்கி மூடச் சொல்லுங்கள். இருட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்கே தெரிந்தாலும் அங்கே துரு தின்றிருக்கிறது. புதுப் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடியில் குனிந்து குறுக்குச் சட்டங்களையும் தட்டிப் பாருங்கள். தரைப்பலகைக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். மரக்கறியை நேரடியாக அதன்மேல் வைக்கக் கூடாது.

வெறும் பெட்டியே இரண்டு தொன்னுக்கு மேல். கிரேன் லொறி உங்கள் வளைவில் திரும்புமா என்று சாரதியை அழைத்துவந்து காட்டிவிட்டே பேரம் பேசுங்கள். பெட்டியின் விலையை மட்டும் கேட்டு வாங்கியவர்கள் ஏற்றி இறக்கும் கூலியில் திணறுகிறார்கள். கடை முகப்புக்குப் பக்கத் தகட்டை அகலமாக வெட்டினால் பெட்டி பலமிழக்கும். வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் போட வேண்டும், காற்றுப் போகத் துவாரமும் வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்குக் கொள்கலன் அசையாது, களவுப் பயமும் குறைவு. வீதியோரத்தில் இடம் இருந்தால் எடுங்கள். தோட்டப் பாதைக்குள் என்றால் போல்ட் முறுக்கிய தகரக் கடையே மேல்.

கேள்வி: கட்டடம் போடுபவர் முழுக்காசையும் முன்கூட்டியே கேட்கிறார், பற்றுச்சீட்டும் தரமாட்டாராம். கொடுக்கலாமா?
- தலவாக்கலை வாசகர்

பதில்: வேண்டாம். சாமான் இறங்கும்போது ஒரு பங்கு, கூரை ஏறியதும் ஒரு பங்கு என்று கொடுங்கள். கடைசிப் பங்கை ஒரு பெருமழை பெய்து, ஒழுக்கு இல்லை என்று தெரிந்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். ஏமாற்றப்பட்டால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "அடுத்த வாரம் வந்து சரிபண்ணுகிறேன்" என்று அவர் இழுத்தடித்தால் நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள்.