ஊக வணிகத்துக்கு வரி வந்தால் மாதச் சேமிப்பு என்ன ஆகும்?

கேள்வி: ஓய்வுக்காலத்துக்காக மாதாமாதம் பங்கு ஃபண்டில் பணம் போட்டு வருகிறேன். ஊக வணிகத்தைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வரி போட வேண்டும் என்கிறார்கள். அது என்னையும் பாதிக்காதா?

பதில்: பாதிக்கும், ஆனால் மிகக் கொஞ்சமாக. இந்த வரி லாபத்துக்கு அல்ல, கைமாறும் தொகைக்கு. அதனால் எத்தனை தடவை வாங்கி விற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

வரி 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று, ஆக 0.2 சதவீதம். 20 வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு 0.01 சதவீதம்தான் ஆகிறது. அதே தொகையை வைத்துத் தினமும் வாங்கி அன்றே விற்பவருக்கு, 250 வர்த்தக நாளில் அந்தத் தொகையில் பாதி அளவு வரிக்கே போய்விடும். நஷ்டப்பட்ட நாளிலும் கட்டியாக வேண்டும். பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் டோபின் 1972-இல் நாணய மாற்றுக்கு இப்படியொரு வரியை முன்வைத்ததும் இதற்காகத்தான்: அடிக்கடி புகுந்து வெளியேறும் பணத்தின் வேகத்தைக் குறைக்க.

சரி, உங்கள் ஃபண்டைக் கொஞ்சம் பாருங்கள். நீங்கள் எதையும் விற்காவிட்டாலும் ஃபண்ட் மேலாளர் உள்ளே வாங்கி விற்றுக்கொண்டிருப்பார். அறிக்கையில் ‘போர்ட்ஃபோலியோ டர்ன்ஓவர்’ 100 சதவீதம் என்றிருந்தால், கையிலுள்ள பங்குகள் ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாறுகின்றன. அப்போது வருடாவருடம் 0.2 சதவீதம் கரையும்; 20 வருடத்தில் அது சின்ன இழப்பல்ல. சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையே அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டுகளில் இந்த எண் பொதுவாகக் குறைவு.

வரியை எப்படி வகுக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஸ்வீடன் 1984-இல் பங்கு வர்த்தகத்துக்கு வரி போட்டது, 1986-இல் இரட்டிப்பாக்கியது. உள்நாட்டு புரோக்கர் வழியாகப் போனால்தான் வரி என்பதால் வர்த்தகம் லண்டனுக்கு நகர்ந்தது. 1991-இல் வரியையே எடுத்துவிட்டார்கள். பிரிட்டனோ பங்கு வாங்குவோரிடம் 0.5 சதவீத முத்திரை வரியை இன்றும் வசூலிக்கிறது. அங்கே வரி பிரிட்டிஷ் கம்பெனியின் பங்கோடு ஒட்டியிருக்கிறது. வாங்குபவர் வேறு நாட்டில் இருக்கிறார் என்பதால் மட்டும் தப்ப முடியாது. எனக்கு இந்த முறைதான் சரியென்று படுகிறது.

அதனால் மசோதா வந்தால் விகிதத்தோடு நிறுத்தாமல், டெரிவேட்டிவுக்கும் (பங்கை வாங்காமல் அதன் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களுக்கும்) வரி உண்டா என்று பாருங்கள். பங்குக்கு மட்டும் போட்டால் ஊக வணிகர்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். வரியை உங்களைப் போன்றவர்கள்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.