கைப்பிடியை இழுக்கத் தயங்காதே என்று சொல்லி அனுப்புங்கள்

கேள்வி: என் மகன் விமானப் படைக்குத் தேர்வாகி, தெலங்கானாவில் இருக்கும் துண்டிகல் அகாடமிக்குப் போகப்போகிறான். 2023 டிசம்பரில் அதே அகாடமியின் பயிற்சி விமானம் விழுந்து, பயிற்றுநரும் மாணவரும் இறந்த செய்தியைச் சொந்தக்காரர் ஒருவர் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறார். அதே வருடம் சாம்ராஜ்நகர் பக்கம் விழுந்த விமானத்தில் இரண்டு பேருமே பிழைத்தார்களே, இவர்கள் மட்டும் ஏன் பிழைக்கவில்லை? பிள்ளையை அனுப்பலாமா? (ஒரு தாய், திருமங்கலம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நான் விமானி இல்லை. விமானப் படையில் ஆயுதங்களைக் கவனிக்கிற ஆர்மமென்ட் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவன். ஆபத்தில் விமானியைத் தூக்கி வெளியே எறிகிற எஜெக்‌ஷன் சீட்டைக் கழற்றி, சோதித்து, பூட்டுவதுதான் என் வேலை.

2023 ஜூன் 1 அன்று சாம்ராஜ்நகர் அருகே விழுந்தது கிரண். நம் அரசு நிறுவனமான எச்.ஏ.எல். கட்டிய ஜெட், 1964இல் முதலில் பறந்தது. பயிற்றுநரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் விமானம். அன்று அதில் இருந்த இருவரில் ஒருவர் பெண். இரண்டு பேரும் குதித்து உயிர் தப்பினார்கள்.

'குதித்தார்' என்று எழுதுகிறோமே தவிர, யாரும் குதிப்பதில்லை. மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட கைப்பிடியை இழுத்தால், சீட்டுக்குப் பின்னால் இருக்கிற வெடிமருந்து வெடித்து, ஆளோடு சீட்டை மேலே தள்ளும். கண் இமைப்பதற்குள் ஆள் வெளியே. அந்த உதையில் முதுகெலும்பு நசுங்குவது உண்டு. பிழைத்தவர்களில் சிலர் பல வாரம் படுத்துக் கிடப்பார்கள்.

இந்த வெடி தரையில் தவறி வெடித்துவிடக் கூடாது என்பதற்காகப் பாதுகாப்புப் பின்கள் செருகியிருக்கும். ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா தொங்கும். விமானம் கிளம்பும் முன் அவற்றை உருவி, உள்ளங்கையில் விரித்து, உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டுவேன். அவன் எண்ணிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவான். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும்தான் தெரியும். விமானம் திரும்பி வந்து மறுபடி அந்தப் பின்களைச் செருகுகிற வரை நான் டீ குடிக்கப் போனதில்லை.

ஏன் எல்லோரும் பிழைப்பதில்லை என்றால், சீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. விமானம் தலைகீழாகவோ மூக்கு கவிழ்ந்தோ தரையை நெருங்கிவிட்டால், சீட் ஆளைத் தரையை நோக்கியே எறியும். பாராசூட் விரிய உயரம் இருக்காது. அதனால் எல்லாம் எந்த வினாடியில் கைப்பிடியை இழுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. துண்டிகல் விமானத்தில் அன்று அந்த இருவருக்கும் எத்தனை வினாடி கிடைத்தது என்று நான் ஊகம் செய்ய மாட்டேன். விசாரணைக்கு வெளியே இருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வது, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குள் போய்க் கல் எறிகிற வேலை.

உங்கள் மகன் முதலில் உட்காரப்போவது பிலாட்டஸ் பிசி-7. புரொப்பெல்லர் விமானம்தான், ஆனால் எஜெக்‌ஷன் சீட் உண்டு. அதற்கு முன்பு பிள்ளைகள் பறந்த தீபக் விமானத்தில் அது கிடையாது. எஞ்சின் நின்றுபோகும் கோளாறு அதை விட்டபாடில்லை. 2009இல் இரண்டு பேரைப் பலிகொண்ட பிறகுதான் நிறுத்தினார்கள். பிலாட்டஸ் வந்தது 2013இல்.

இதைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கிரணில் பழகிய பையனை நேராக மிக்-21 போர் விமானத்தில் ஏற்றினால் திணறுவான், நடுவில் ஒரு நவீனப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டைன் குழு 1982இலேயே சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004இல். அது கர்நாடகாவின் பீதர் தளத்தில் முறைப்படி படையில் சேர்ந்தது 2008இல். இருபத்தாறு வருடம்! மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையிறங்கும் மிக்கில் எத்தனை பிள்ளைகள் போனார்கள். 2001இல் ராஜஸ்தானின் சூரத்கட்டில் இரவு நேரத்தில் மிக்-21 விழுந்து இறந்த விமானி அபிஜித் காட்கில் மேலேயே விபத்துக்கான பழி விழுந்தபோது, அவர் தாய் கவிதா காட்கில் வருடக்கணக்கில் அதை எதிர்த்து நின்றார். அந்த அம்மாவைப் போன்றவர்கள் கேட்டதாலும்தான் இன்று உங்கள் மகன் படிப்படியாக ஏறப்போகிறான்: பிலாட்டஸில் தொடங்கி, போர் விமானப் பிரிவு கிடைத்தால் ஹாக் வரை.

அனுப்புங்கள். ஆனால் போகும்போது, விமானம் போனால் அரசாங்கம் வேறு வாங்கும், நேரம் வந்தால் யோசிக்காமல் கைப்பிடியை இழு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். விமானத்தைத் தொலைத்தவன் என்ற பேருக்குப் பயந்து, இன்னும் ஒரு வினாடி, இன்னும் ஒரு வினாடி என்று போராடும் நல்ல பிள்ளைகள்தான் அதிகம் தாமதிக்கிறார்கள். பயிற்றுநர் நூறு முறை சொல்வார்தான். அம்மா சொன்னது வேறு இடத்தில் போய் உட்காரும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் பயிற்சி விமானங்கள் தாழப் பறக்கின்றன. ஒருவேளை விமானி பாராசூட்டில் வந்து இறங்கினால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (ஒரு வாசகர், மதுராந்தகம்)

பதில்: கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பு அடிபட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படுத்த நிலையிலேயே விட்டு, துணியால் வெயிலை மறைத்து, 108ஐக் கூப்பிடுங்கள். பாராசூட் காற்றில் இழுத்தால் இரண்டு பேர் அதன் துணிமேல் ஏறி நின்று அமுக்கினால் போதும். தனியாக விழுந்து கிடக்கும் சீட்டின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். அதில் வெடிக்காத மருந்து மிச்சம் இருக்கலாம். சின்னத் தகடாக இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், விசாரணைக்கு அதுதான் சாட்சி. விமானிக்கு நினைவிருந்தால், கூட வந்தவர் எங்கே விழுந்தார் என்று முதலில் கேட்பார். இரண்டு பேரை அந்தத் திசைக்கு ஓடவிடுங்கள்.