பழைய அம்பாசிடரில் எங்கே போகிறதென்று தெரியாத வயர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கேள்வி இதுதான்: தேவகோட்டை வீட்டுக் கொட்டகையில் ஐயா காலத்து அம்பாசிடர், 1970களின் வண்டி. பானட்டைத் திறந்தால் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுப்பது) பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அதைச் சுற்றி எதற்கென்றே தெரியாத வயர்கள். வேண்டாததை வெட்டிவிடலாமா?

இப்போதைக்கு எதையும் வெட்டாதீர்கள். காரைக்குடியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். நம் பக்கத்து வண்டிகளுக்கென்று ஒரு குணம் உண்டு. பொங்கல், முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்று வீடு திறக்கிற சமயத்தில்தான் வண்டியும் வெளியே வரும். எல்லோரும் ஊர் திரும்புவதற்குள் ஓடியாக வேண்டும். அதனால் அன்றைக்குக் கிடைத்த எலக்ட்ரீஷியன், கையில் இருந்த வயரை வைத்து ஓட வைத்துவிட்டுப் போயிருப்பார். சீரியல் செட் போட வந்தவரிடம் வாங்கிய வீட்டு வயரே என்ஜின் மேல் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நிறத்தை நம்பி ஆரம்பிக்க வேண்டாம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் முறைப்படி பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட், வெள்ளை என்றால் சாவி போட்டால் வருவது, பச்சை என்றால் அதுவே ஃப்யூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த், அதாவது வண்டியின் பாடியோடு சேர்வது. வெள்ளையில் கறுப்புக் கோடு இருந்தால் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுப்பது) போவது. கம்பெனி வயர் மிச்சமிருக்கும் இடத்தில் இது உதவும். ஆனால் ஒரு வயர் யார் என்று சொல்வது அதன் நிறமல்ல, அதில் கரண்ட் எப்போது வருகிறது என்பதுதான்.

மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 1960களின் நடுப்பகுதி வரை பாசிட்டிவ்தான் எர்த். உங்களுடையது நெகட்டிவாக இருக்கலாம், ஆனால் பார்க்காமல் நம்ப வேண்டாம். நடுவில் யார் என்ன செய்தார்களோ. பேட்டரியின் முனைகளை மாற்றிக் கொடுத்தால் அந்தக் கறுப்புப் பெட்டி ஒரு நொடிகூடத் தாங்காது.

பிறகு ஒவ்வொரு வயரையும் நாலு நிலையில் பாருங்கள்: சாவி ஆஃப், சாவி ஆன், செல்ஃப் அடிக்கும்போது, என்ஜின் ஓடும்போது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக்கும் போட்டிருக்க வேண்டும். என்ஜின் ஓடாமல் சாவியை நெடுநேரம் ஆனில் விடக்கூடாது; டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட் மூடிய இடத்தில் நின்றிருந்தால் காயில் சூடேறிப் போய்விடும். என்ஜினை ஓடவிடாமல் மற்ற வயர்களைப் பார்க்கும்போது காயிலுக்கு வரும் சப்ளையைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிடுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து வந்த ஒரு அம்பாசிடர் நல்ல உதாரணம். செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் பிடிக்கும், சாவியை விட்டதும் நின்றுவிடும். பெட்ரோல், கார்பரேட்டர் எல்லாம் பார்த்து ஓய்ந்துபோய் என்னிடம் வந்தார்கள். காயிலின் பிளஸ்ஸில் இரண்டு வயர். ஒன்று செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான சாலினாய்டிலிருந்து வருகிறது. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் கரண்ட். இன்னொன்று சாவியிலிருந்து, நடுவில் பீங்கானில் பொதிந்த ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக. யாரோ வேறு வண்டியின் காயிலைப் போட்டிருக்கிறார்கள். சாதாரண 12 வோல்ட் காயிலின் பிரைமரியில், அதாவது பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே, சுமார் 3 ஓம் காட்டும். இந்த வகையில் சுமார் 1.5 ஓம்தான், ரெசிஸ்டரோடு சேர்ந்தே ஓட வேண்டியது. செல்ஃப் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்குமல்லவா? அந்த நேரம் ரெசிஸ்டரைத் தாண்டி காயிலுக்கு நேராகக் கரண்ட் கொடுக்கத்தான் சாலினாய்டு வயர். அதில் கோளாறே இல்லை, ரெசிஸ்டர்தான் அறுந்திருந்தது. ‘எதற்கென்று தெரியாத’ அந்த வயரை வெட்டியிருந்தால் வண்டி பிடித்தே இருக்காது, கோளாறு எங்கே என்ற ஒரே தடயமும் போயிருக்கும்.

உங்கள் கறுப்புப் பெட்டி பின்னால் போட்ட எலக்ட்ரானிக் இக்னிஷனாக இருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பாயின்ட் இன்னும் இருந்து, அதன் வயர் பெட்டிக்குப் போனால், பாயின்ட்டின் சுமையைக் குறைக்க மட்டும் போட்டது. பாயின்ட் இல்லாமல், நடுவில் சுழலும் ரோட்டருக்குக் கீழே காந்த வளையம் இருந்தால் முழு எலக்ட்ரானிக். இந்த இரண்டாவது வகையில் பெரும்பாலும் பெட்டியின் சப்ளை வயருக்கு முழு 12 வோல்ட் வேண்டும். ரெசிஸ்டருக்குப் பின்னால் கொடுத்திருந்தால் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. பெட்டிக்குப் போகும் வயரில் பல்பு போட்ட டெஸ்ட் லாம்பை வைக்காதீர்கள், அங்கே டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும்தான்.

மற்ற இடங்களில் நேர்மாறு. கொட்டகையில் நின்ற வண்டியில் எலி கடித்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் ஜோராக 12 வோல்ட் காட்டும். இண்டிகேட்டரின் 21 வாட் பல்பைக் கொடுத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் வயர் செத்துப்போச்சு.

பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு அதன் புது வகையான ஆல்டர்னேட்டர் போட்டிருந்தால் அதில் ஒரு மெல்லிய வயர் இருக்கும். டேஷ்போர்டில் சிவப்பு லைட்டுக்குத்தான் என்று அலட்சியமாக விட்டுவிடுவார்கள். பல வண்டிகளில் அந்த பல்பு வழியாக வரும் கரண்டில்தான் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவே ஆரம்பிக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் நாலு நிலையிலும் கரண்ட் வராத, எர்த்தும் காட்டாத வயர் மிஞ்சினால் முனையை டேப் சுற்றி, சீட்டு கட்டி ஓரமாக வையுங்கள். ஹாரன், ஹெட்லைட், பிரேக் லைட் எல்லாம் வேலை செய்வதைப் பார்த்த பிறகு எடுக்கலாம்.

காயில் மேலே என்ன எழுதியிருக்கிறது, பிரைமரியில் எத்தனை ஓம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் இருக்கிறதா, இந்த மூன்றையும் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பெட்டியின் எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன்.