வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தேதியில் நடந்த வரலாற்று நிகழ்வுகளில் உங்கள் மனதில் நிற்பவை எவை?

எனக்கு ஜெர்மனியின் நவம்பர் 9தான். 1918, 1923, 1938, 1989 என நான்கு முறை அந்த நாட்டின் தலையெழுத்து இதே தேதியில் மாறியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இதை 'விதியின் நாள்' என்கிறார்கள். முதல் மூன்றையும் விதி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒன்றின் வேரிலிருந்துதான் அடுத்தது முளைத்தது.

1918இல் முதல் உலகப் போரில் தோல்வி உறுதியாகி, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பதவி விலகுவதாக அறிவிப்பு வந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தின் ஜன்னலில் நின்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமன் குடியரசை அறிவித்தார். தோல்விக்கான பழியையும் அந்தக் குடியரசுக்காரர்கள் தலையிலேயே கட்டி, 'நவம்பர் குற்றவாளிகள்' என்று தூற்றியது ஒரு கூட்டம். அந்தக் கோபத்தை ஊதி வளர்த்த ஹிட்லர், 1923இல் ஆட்சியைப் பிடிக்க மியூனிக் தெருக்களில் சுமார் 2,000 பேருடன் ஊர்வலம் போனார். போலீஸ் சுட்டது, கலகம் அன்றே அடங்கியது. பிறகு ஆட்சிக்கு வந்ததும் அதில் செத்தவர்களைத் தியாகிகளாக்கி ஆண்டுதோறும் விழா எடுத்தார்கள் நாஜிகள்.

1938இல் அந்த விழாவுக்காகத்தான் கட்சித் தலைவர்கள் மியூனிக்கில் கூடியிருந்தார்கள். பாரிஸில் 17 வயது யூதப் பையன் சுட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துவிட்டார் என்ற செய்தி அங்கே வந்தது. நாஜிகளின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பேசினார். கேட்டவர்கள் தங்கள் ஊர்களுக்குத் தொலைபேசியில் உத்தரவு போட்டார்கள். அந்த வன்முறையில் 1,400க்கும் மேற்பட்ட யூத வழிபாட்டு இடங்கள் பாழாயின. சுமார் 30,000 யூத ஆண்களை முகாம்களுக்கு இழுத்துப் போனார்கள். அப்புறம் 100 கோடி மார்க் அபராதம், அதுவும் யூதர்கள் மீதே. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

1989 மட்டும்தான் உண்மையிலேயே தற்செயல். கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி, மக்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போக அனுமதிக்கும் புதிய பயண விதியைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடனடியாக, தாமதமின்றி என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து, விண்ணப்பித்து அனுமதி வாங்கிப் போக வேண்டும் என்பதுதான் திட்டம். செய்தி பரவி, நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவரின் போர்ன்ஹோல்மர் சாலைச் சோதனைச்சாவடியில் கூட்டம் நெருக்கியது. மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு எதுவும் வராத நிலையில், இரவு பதினொன்றரை வாக்கில் அங்கிருந்த அதிகாரி யேகர் கதவைத் திறக்கச் சொன்னார். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

இவ்வளவு பெரிய மகிழ்ச்சி நடந்த நாள்தான் தேசிய விடுமுறையாக இருந்திருக்க வேண்டும். 1938 நடந்த தேதியில் எப்படிக் கொண்டாடுவது? இரு ஜெர்மனிகளும் 1990இல் இணைந்த அக்டோபர் 3ஐ எடுத்துக்கொண்டார்கள். அது மிகச் சரியான முடிவு என்பேன்.

நான் பெர்லினில் வேலை பார்த்தபோது, ஒரு நவம்பர் 9 மாலையில், எங்கள் கட்டடத்து வாசலில் பக்கத்து வீட்டுப் பாட்டி முட்டி போட்டு உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். நடைபாதையில் பதித்திருந்த, உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு. அங்கிருந்து கொண்டு போய்க் கொல்லப்பட்ட ஒருவருக்கான நினைவுக் கல் அது. கறுத்திருந்த தகடு தேய்க்கத் தேய்க்கப் பளிச்சென்று ஆனது. 'இங்கே வாழ்ந்தார்' என்ற எழுத்தும், கீழே பெயரும், பிறந்த ஆண்டும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தார். எழுந்திருக்கக் கை கொடுத்தேன். 1989இல் அந்தச் சாவடிக் கூட்டத்தில் தானும் நின்றதாக, மாடிப்படி ஏறும்போது சொன்னார்.