பப்பில் நாட்டுப்புற இசைக்காரர்களோடு வயலின் வாசிப்பது

வணக்கம். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஒரு கிராமத்து பப்பில் கூடி வாசிப்பவர்களோடு வயலினுடன் உட்கார்ந்தீர்கள், ஒரு மெட்டு பிடிபடுவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள், யாரிடமும் நோட்ஸ் (எழுதிவைத்த இசைக்குறிப்பு) இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள், இதைச் சரிசெய்ய முடியும்.

இந்த நடன மெட்டுகளில் பெரும்பாலானவை 32 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) நீளம். எட்டு பார் கொண்ட முதல் பகுதி இரண்டு முறை, இரண்டாம் பகுதி இரண்டு முறை. முழு மெட்டையும் வழக்கமாக மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டைத் தொடங்குவார்கள். அதனால் முதல் சுற்றில் கேளுங்கள், இரண்டாவதில் முக்கியமான ஸ்வரங்களை மட்டும் மெல்லத் தொடுங்கள், மூன்றாவதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

அங்கே மெலோடியன் என்ற துருத்தி வாத்தியம் வாசிப்பவர் இருப்பார். அவர் கையில் பெரும்பாலும் டி, ஜி ஸ்கேல்களுக்கான இரண்டு வரிசைப் பொத்தான்கள் கொண்ட பெட்டிதான் இருக்கும். துருத்தியை அமுக்கினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறொன்று. வேறு ஸ்கேலுக்கு அவரால் எளிதில் போக முடியாது. ஆகவே வீட்டில் இந்த இரண்டையும் நன்றாகப் பழகுங்கள், பாதிக் கவலை போய்விடும்.

நோட்ஸ் இல்லாததைக் குறையாக நினைக்காதீர்கள். எழுதப்படும் முன்பே இந்த மாதிரி மெட்டுகள் வாசிப்பில் இருந்தன: 1899இல் நாட்டுப்புற இசையைத் தொகுத்த செசில் ஷார்ப், ஆக்ஸ்ஃபர்டு அருகே ஹெடிங்டனில், மோரிஸ் என்ற ஆங்கிலேய நாட்டுப்புற நடனத்தின் மெட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டது வில்லியம் கிம்பர் என்ற கொத்தனாரின் கான்சர்ட்டினா என்ற சிறு துருத்தி வாத்தியத்திலிருந்துதான்.

அப்புறம், இடைவேளையில் மெட்டுகளின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசையாகச் சொல்வார்கள். பதிவு செய்வதென்றால் மட்டும் முதலில் அனுமதி கேளுங்கள்.